அழிக்கப்பட வேண்டியது: கையொப்பம் நிலுவையில்

மார்ச் 3, செவ்வாய்

காலை நடை முப்பத்தொரு நிமிடம். ஒரு நிமிடம் அதிகம். சலூன் வாசலில் நின்று வானொலிச் செய்தி கேட்டதால். பத்தொன்பது வருடங்களுக்கு முன் போரைத் தொடங்கிய தலைவர்மீது வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்க ஆணையம் அமைத்திருக்கிறார்களாம்.

"போடணும் சார்," என்று சலூன்காரர் கத்தரியை ஆட்டினார். "நான் ஒரு காதை வெட்டிட்டா சும்மா விடுவாங்களா?"

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் தன் காதைச் சரிபார்த்துக்கொண்டார்.

நடையைத் தொடர்ந்தேன். நான் எப்போதுதான் கருத்துச் சொல்லியிருக்கிறேன்?

மார்ச் 4

பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். நோட்டு இருக்கிறது. மூடிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

அமைச்சரவைக் கூட்டங்களில் சுருக்கெழுத்தில் குறிப்பெடுப்பது அப்போது என் வேலை. சுத்தப்படி தட்டச்சு செய்து கொடுத்ததும் சுருக்கெழுத்து நோட்டை அழிக்க வேண்டும். அழிக்க ஒரு படிவம்; படிவத்தில் மேலதிகாரியின் கையொப்பம். போருக்குப் போவதென்று முடிவான கூட்டத்துக்கு மறுநாள் அவர் விடுப்பில் போனார். அப்படியே வேறு துறைக்கு மாறிவிட்டார். புதிதாக வந்தவர், "நான் இல்லாத கூட்டத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார். நியாயம்தான். கையொப்பமில்லாமல் அழிப்பது விதிமீறல். ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்தபோது நோட்டும் என்னோடு வந்துவிட்டது. அட்டையில் என் எழுத்து: 'அழிக்கப்பட வேண்டியது. கையொப்பம் நிலுவையில்.'

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் விதிமீறல்தானே? இன்றுதான் உறைக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மைத்துனன் வந்தான். ஞாயிறுதோறும் நான் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன், அவன் கேட்பான். அந்தப் போரில் சிப்பாயாக இருந்த அவனுக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. என் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுடைய நல்ல காது என் பக்கம் இருக்கும். என் விளக்கவுரை நீண்டால் இடப்பக்க நாற்காலிக்கு மாறிவிடுவதாக மிரட்டுவான்.

வழக்குச் செய்தியைப் படித்தேன்.

"ஜெயிச்சிருந்தா சிலை வெச்சிருப்போம். தோத்ததால கூண்டு. நல்லா இருக்கு அத்தான் நியாயம்!" என்றான். பிறகு, "ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். தப்புன்னு தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரா? தெரியாம செஞ்சிருந்தா முட்டாள்னு விட்டுடலாம். முட்டாள்தனத்துக்கெல்லாம் உள்ள போட ஆரம்பிச்சா நம்ம குடும்பத்துல யாரு மிஞ்சுவா?"

"நான் மிஞ்சுவேன்டா," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

தெரிந்தேதான் செய்தார். அதற்குச் சாட்சி என் பீரோவில். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மார்ச் 11, புதன்

நோட்டை எடுத்துப் படித்தேன். எல்லைக் காவல் நிலையில் எதிரி குண்டு போட்டான் என்றுதானே போருக்குப் போனோம்? கூட்டத்தின் நடுவில் தளபதி சொல்கிறார்: "குண்டு நம்மளதுதான். தவறி விழுந்திருக்கு." தலைவர்: "அது இங்க இருக்கிற பத்துப் பேருக்குத்தானே தெரியும்? மேல பேசுங்க." அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி. அது என் சொந்தக் குறியீடு: சிரிப்பு.

சுத்தப்படியில் இது எதுவும் இல்லை. வேடிக்கைப் பேச்சை ஏட்டில் ஏற்றக்கூடாது என்று விதி. அந்தப் பக்கம் முழுவதையும் வேடிக்கை என்று வகைப்படுத்தியது நான்தான். தளபதி சொன்னதையும் சேர்த்து. அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை, முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அறையில் இருந்தவர்கள் பதினொரு பேர். தலைவர் என்னை எண்ணவில்லை.

மார்ச் 12

மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"பத்தொன்பது வருஷமா இவ்வளவு துணிச்சலா மறைச்சு வெச்சிருந்தீங்களா?"

"கையொப்பம் வரல."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "தம்பிக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன்.

அந்தத் தலைவரைத் தண்டித்தால், நாளை நிஜமாகவே குண்டு விழும்போது நாட்டைக் காக்க எந்தத் தலைவரும் பயப்படுவாரே என்று என் சந்தேகத்தை எடுத்து வைத்தேன்.

"பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்சே பஸ்ஸை எடுத்தவனை உள்ள போட்டா, மத்தவங்க பஸ் ஓட்டறதை விட்டுடுவாங்களா? பிரேக்கைப் பார்த்துட்டு எடுப்பாங்க. அவ்வளவுதான். தோசை ஆறுது, சாப்பிடுங்க."

மார்ச் 15, ஞாயிறு

மைத்துனனிடம் சொன்னேன். செய்தித்தாளைப் பிரிக்கும் முன்பே.

"குண்டு நம்மளதா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாம்."

எழுந்தான். இடப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தான். முதல் பக்கத்திலிருந்து வானிலை வரை எல்லாவற்றையும் அந்தக் கேளாத காதுக்குப் படித்தேன்.

மார்ச் 16

ஆணையத்துக்குக் கடிதம். நான்கு வரைவுகள். நான்காவதும் முதலாவதும் ஒன்றே.

மார்ச் 19, வியாழன்

இன்று ஆணையத்தின் முன் சாட்சி சொன்னேன். என் சொந்தக் குறியீடுகள் கலந்த சுருக்கெழுத்து, வேறு யாராலும் படிக்க முடியாது. நானே நின்று படித்தேன். ஆணையத்தின் வழக்கறிஞர் அம்மா சுழியைக் காட்டி, "இது என்னங்க ஐயா?" என்றார்.

"சிரிப்பு."

"யார் சிரிச்சாங்க?"

"எல்லாரும்."

தலைவரின் வழக்கறிஞர் எழுந்தார். "எழுதிக்கிட்டிருந்த நீங்களும் சிரிச்சீங்களா?"

இதை நான் இந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லையே! சிரிச்சேன். ஏன்டா சிரிச்சே? பெரியவங்க சிரிக்கிறாங்க, நாம மட்டும் உம்முன்னு இருந்தா — பயம், வேற என்ன. அப்போ மைத்துனன் எல்லையிலதான் இருந்தான். அது தெரிஞ்சும் சிரிச்சேன்.

"சிரித்தேன்," என்றேன்.

"அப்போ உங்களையும் கூண்டுல ஏத்தலாமா?"

"ஏத்தலாங்க. வரிசைப்படி, அவருக்கு அப்புறம்."

சபை சிரித்தது. குறிப்பெடுத்த பெண் அந்தச் சிரிப்பை எழுதினாளா என்று எட்டிப் பார்த்தேன். எழுதினாள்.

மார்ச் 20

செய்தித்தாளில் என் படம். 'துணிச்சல் மிக்க முதியவர்.' வெட்கமாக இருக்கிறது. மனைவி அதை வெட்டிப் பீரோக் கதவில் ஒட்டி, கீழே எழுதியிருக்கிறாள்: 'கையொப்பம் நிலுவையில்.'

மார்ச் 22, ஞாயிறு

மைத்துனன் வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

வரவில்லை. நாற்காலிகளைத் துடைத்தேன். இரண்டையும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"சிரிச்சேன்னு அங்க சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலையே."

"பயம்."

"அவ்வளவு பெரிய ஆளுங்க முன்னாடி சொல்லப் பயமில்ல. என்கிட்ட பயமா?"

"உன்கிட்டதான்."

இரண்டு நாற்காலிகளையும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பிறகு வலப்பக்க நாற்காலியை இழுத்து, வழக்கத்தைவிடக் கிட்டே போட்டு உட்கார்ந்தான்.

"படிங்க அத்தான். விளக்கவுரை வேண்டாம்."

முதல் பக்கம். தலைவர்மீது வழக்குத் தொடரலாம் என்று ஆணையம் முடிவு செய்திருக்கிறது. படித்து முடித்தேன்.

"இன்னொரு தடவை," என்றான்.

இன்னொரு முறை படித்தேன். வானிலையை இன்று படிக்கவில்லை.