அடுத்த பௌர்ணமிக்கு வந்துடுவார்

அன்புள்ள நண்பரே,

இன்று காலை நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தேன். இன்றைய தாளின் மூலையில் பௌர்ணமியின் சிறு வட்டம். லண்டனுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வட்டத்தைக் கண்டால், நீங்கள் மாத்திரை டப்பாக்களை மேசைமேல் அடுக்கும் ஓசை கேட்கிறது.

1978 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை. செங்கம் சாலை வாடகை அறையில் நமது மாதாந்திர மனநல முகாம் தொடங்கியது. நான் மருத்துவர், நீங்கள் செவிலியர். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்று அறிவித்திருந்தேன். மூன்று மாதங்கள் நாம் இருவர் மட்டுமே நேரம் தவறாமல் வந்தோம்.

"இங்கிலீஷ் தேதிய யாரு சார் ஞாபகம் வெச்சிக்கறாங்க? பௌர்ணமின்னு சொல்லுங்க. மலை சுத்த எப்படியும் கூட்டிட்டு வருவாங்க. காலையில நம்மகிட்ட வரட்டும், சாயந்திரம் மலைய சுத்தட்டும்."

பஞ்சாங்கம் பார்த்தா வைத்தியம் என்று உங்களை முறைத்தேன். ஏப்ரல் பௌர்ணமியன்று வாசலில் செருப்பு விட இடமில்லை.

வேங்கிக்கால் விவசாயியை நினைவிருக்கும். காதில் குரல்கள் கேட்பவர். உறையின்மேல் நான் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளேயிருக்கும் மாத்திரையை நம்புவார்.

1984 மே 13, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் இரு மகள்களோடும் விமானம் ஏறினேன். பௌர்ணமி செவ்வாயன்று. "ரெண்டு நாள் தள்ளிப் போவக்கூடாதா சார்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றீர்கள். புதன்கிழமை அங்கே பணியில் சேர வேண்டும் என்றேன். அது உண்மை. நோயாளிகள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை என்பதும் உண்மை.

"அடுத்த பௌர்ணமிக்கு வந்துடுவார்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று எழுதினீர்கள். மூன்றாவது கடிதத்தில், வேங்கிக்கால்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார், டாக்டர் வரட்டும் என்கிறார் என்றிருந்தது. நான் எழுதிய பதிலில், உங்கள் கடிதத்தின் தேதி ஒரு நாள் பிசகியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த கடிதத்தில் தேதி சரியாக இருந்தது.

"சைக்கிள்ல போய் உண்மையச் சொல்லிட்டேன் சார், நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு. அத அவரே சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னார். நான் தேதி போட்டுக் குடுத்த கவர வாங்கிக்கிட்டார்."

2009 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றேன். மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே என்னிடம் வந்த ஒவ்வொருவரையும் எதிரில் அமர்த்தி, என் கடைசி நாளைச் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஒருவர் கோபித்துக் கதவை அறைந்து போனார்; மறுவாரம் வந்தார். வேங்கிக்கால்காரரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அத்தனை பேரிடமும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

உங்களிடமும் நான் முறையாக விடைபெறவில்லை. உங்களின் அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது; தேதி சரியாக இருப்பது.