கன்டனீஸ் மேடையில் உன் கட்டைத் தாளம்

மச்சான்,

இன்று பிற்பகல் டோர்செட் பார்க் பகுதியில் காரை நிறுத்தி இறங்கியபோது, பிளாசாக் கடைத்தொகுதியின் மேல்மாடியிலிருந்து மரக்கட்டைச் சத்தம் கேட்டது. டக், டக். பிறகு வெண்கலத் தாளத்தட்டின் ஓசை. உன் இடத்தில் வேறு யாரோ. மேலே போகவும் முடியவில்லை, காரில் திரும்பி ஏறவும் மனமில்லை.

அந்த மேல்மாடியில் சீன இசைநாடகம் பயிலும் கன்டனீஸ் ஓபரா சங்கத்துக்கு உன்னை இழுத்துப்போனவர், நீ சமைத்த சீன உணவகத்தின் முதலாளி. உனக்கு மிருதங்கம் தெரியும் என்று அறிந்ததும் வெண்கலத் தட்டைக் கையில் தந்துவிட்டார். பத்திரிகைக்காரனான நான் செய்தி தேடி வந்தேன். "தமிழன் சீன ஓபராவில எண்டு தலைப்புப் போடாதை. அவையின்ர கதையை எழுது" என்றாய்.

எழுதினேன். ஒரு காலத்தில் கன்டன் மக்களுக்கே சரியாக விளங்காத மேடைமொழியில் பாடியவர்கள், தெருவில் பேசும் மொழிக்கு வந்தார்கள். உச்சத்துக்குத் திரித்த கள்ளக்குரலில் பாடிய நாயகர்கள் சொந்தக் குரலுக்கு இறங்கினார்கள். ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் ஏறினார்கள். வயலினும் சக்சபோனும் வந்து உட்கார்ந்தன. வாசித்துவிட்டுச் சிரித்தாய். "எங்கட சபாக்காரர் எண்டால் சக்சபோனை வாசலிலயே மறிச்சிருப்பினம்."

உனக்கு ஒரே ஆசை, கட்டை அடிப்பவரின் கதிரை. வாத்தியக்காரர் எல்லாரும் அவரைப் பார்த்தே வாசிப்பார்கள். அவரோ பாடுபவரின் கையைப் பார்ப்பார். எந்தப் பாட்டு, எப்போது தாளம் என்பதெல்லாம் ஒரு விரலிலும் நீண்ட சட்டைக்கையின் வீச்சிலும் வரும். மொழி தெரியாத ஒருவனை அங்கே இருத்த அவர்கள் தயங்கினார்கள்.

கட்டைக்காரர் வன்கூவருக்கு மகளிடம் போய்விட, வசந்த விழாவுக்கு வேறு வழியில்லாமல் உன்னை இருத்தினார்கள். நாயகியாகப் பாடும் லாம் அன்ரி முதலே சொல்லிவிட்டார்: "பிழைச்சால் இதுதான் கடைசி."

இரண்டாம் காட்சியில் அவருக்கு வரி மறந்தது. பாட்டுத் தெரிந்த வயலின்காரர் அடுத்த அடிக்கு வில்லைத் தூக்கிவிட்டார். உனக்குச் சொல் தெரியாது; அன்ரியின் கையை மட்டுமே பார்த்திருந்தாய். அந்தக் கை எழவில்லை, உன் கட்டையும் விழவில்லை. அன்ரி மெல்லத் திரும்பி, சட்டைக்கையால் முகத்தை மறைத்து, அழுபவர்போல நின்று, வரியைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தினார். நீ அடித்தாய். நடிப்பென்று நினைத்த சனம் கைதட்டியது.

திரைக்குப் பின்னால் "இனி இவன்தான்" என்றார் லாம் அன்ரி.

"கேட்டியோடா, பேப்பர்காரா?" என்று என் முதுகில் ஓர் அறை விட்டாய்.

அடுத்த விழாவுக்கு முன்னரே, சமையலறையில் நின்ற நிலையில் விழுந்துவிட்டாய்.

இறுதிச்சடங்கு மண்டபத்தில் எங்கள் ஆட்களின் அஞ்சலி உரைகள் நீண்டுகொண்டே போயின. லாம் அன்ரியின் முறை வந்ததும் மைக்கை ஒதுக்கிவிட்டு, உன் பெட்டியருகே நின்று பாடத் தொடங்கினார். ஓர் அடி முடிந்ததும், பழக்கத்தில், வலது கை உயர்ந்தது. அடிக்க யாரும் இல்லை. அவர் கையை இறக்கவுமில்லை. உன்னைப் பார்த்தபடி நின்றார்.

எத்தனையோ மரணங்களை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டவன் நான். எனக்குள் இன்னும் உயர்ந்தே நிற்கும் அந்தக் கையை மட்டும் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.