பாசிக்குன்று யாருடையது

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதனால் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறு மத்தியானம் அம்மா பஸ் டிப்போவின் டிக்கெட் கவுண்டர் வேலைக்குக் கிளம்பியதும் கம்ப்யூட்டரில் நம் 'ஏழு கோட்டைகள்' விளையாட்டைப் போட்டேன். ஒரு கடிதத்துக்கு ஐந்து முறை என்ற நம் வழக்கப்படி, நீங்கள் எழுதிய வரிசையிலேயே உங்கள் படைகளை நகர்த்திவிட்டுப் பிறகு என்னுடையதை நகர்த்தினேன். உங்கள் முறை வரும்போது உங்கள் மலைநாடு முழுவதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. நாம் கூட்டாளிகள் என்பதால் அது ஏமாற்று வேலை ஆகாது என்று நினைக்கிறேன்.

ஒரு குறை சொல்ல வேண்டும். ஆற்றுக்கோட்டையைப் பிடித்தீர்கள், மறுமுறையே மொத்தப் படையையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். காவலுக்கு ஒரு ஈட்டிக்காரன்கூட இல்லை. கம்ப்யூட்டர் ஆடும் எதிரி, எலும்பு ராஜாவின் கூட்டம் கிட்டத்தில் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் என் வில்லாளிகளை உள்ளே நிறுத்தினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மிஷினை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் ஃப்ரேமில் நிற்காது. பின்னறையில்தான் வேலை, யாரிடமும் பேச வேண்டாம். "இந்த மிஷினுக்கு வாய் பேசாத பொண்ணுதான்டி லாயக்கு. முன்னாடி இருந்தவ பேசிப் பேசியே பாதிய உடைச்சா" என்று கடை அக்கா சொன்னார்.

போன வாரம் நீங்கள் போன் செய்தபோது ஹலோ சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார் என்றாலே எனக்கு வார்த்தை வருவதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
பூனை

---

பிப்ரவரி 3

என் செல்லப் பூனைக்கு,

உடம்பு இருக்கிறது. போதுமா?

ஆற்றுக்கோட்டையைக் காப்பாற்றிய வனராணிக்கு மலை ராஜாவின் வணக்கம். காவல் வைக்கிற வேலையெல்லாம் எனக்கு வராது, தெரிந்ததுதானே. உன் அம்மாவைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

இங்கே துறைமுகத்தில் காற்று பலம். இரண்டு நாள் கிரேனை நிறுத்தி வைத்தார்கள். அந்த நேரத்தில் என் பக்கத்து கிரேன்காரன் அறைக்கு வந்தான். சுவரில் நான் ஒட்டியிருக்கும் வரைபடத்தையும் அதில் குத்தியிருக்கும் குண்டூசிகளையும் பார்த்து, "என்னண்ணே, எங்கயாவது படையெடுக்கப் போறீங்களா?" என்றான். விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். தன்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதாம், 'ஏழு கோட்டைகள்' வாங்கலாமா என்று கேட்கிறான். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று நீ எழுது. அப்படியே அவனிடம் படித்துக் காட்டுகிறேன்.

பெரிய செய்தி: புது வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை. ஒன்று உனக்கு. இங்கே பள்ளியை விட்டவர்களுக்கென்று தனி வகுப்பு நடக்கிறது. யாரும் எழுந்து நின்று படிக்கச் சொல்ல மாட்டார்கள், விசாரித்துவிட்டேன். வந்துவிடேன். யோசி.

உத்தரவு தனித்தாளில் இருக்கிறது. என் நாகப் படைகள் எல்லாம் தெற்கே போகட்டும்.

உன் அப்பா,
மலைகளின் மன்னன், கிரேனின் கைதி

---

பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்கத்து கிரேன்காரருக்கு நான் எழுதுவது இது. படிக்கும்போது உங்கள் நகைச்சுவையை இடையில் சேர்க்காதீர்கள்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அது காத்திருக்கும். நான் என் படைகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எலும்பு ராஜா ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். 'முறை முடிந்தது' என்ற பொத்தானை நான் அழுத்தினால்தான் அவனுக்கு உயிர் வரும். நான் பள்ளிக்குப் போன காலத்தில், வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும்போது, எனக்கு விடை தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சு சிரித்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு இது நல்ல விளையாட்டு.

அற்பப் படை என்று எதுவும் இதில் இல்லை. நாகம் போன்ற பெரிய படை கைக்கு வந்ததும் ஈட்டிக்காரர்களைக் கலைத்துவிடத் தோன்றும். கலைக்கக் கூடாது. மதிலுக்குப் பின்னால் பத்து ஈட்டிக்காரர்கள் நின்றால் நாகமே யோசிக்கும்.

வரைபடம் அழகாகச் செய்திருக்கிறார்கள். போகாத இடம் கறுப்பாக இருக்கும். போய்வந்த இடம், கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். அங்கே கோட்டை எழும்பியிருக்கலாம், எரிந்திருக்கலாம். திரும்பப் போனால்தான் தெரியும்.

இனி கெட்டது. எலும்பு ராஜாவுக்கு மூளை போதாது. எத்தனை தடவை பாலத்தில் அடிவாங்கினாலும் அதே பாலத்துக்குத்தான் வருவான். அடுத்தது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் ஆட்டம் முடியாது. மிச்சமிருக்கும் நாலு குடிசையைத் தேடிப் பனிக்காட்டில் அலைய வேண்டும். அப்போது யாராக இருந்தாலும் கொட்டாவி வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஊர்களுக்குக் கோபம் வருவதில்லை. ஓர் ஊரைப் பிடித்துவிட்டு நூறு முறை அந்தப் பக்கமே போகாமல் இருந்தாலும், அது ஒழுங்காக வரி அனுப்பிக்கொண்டே இருக்கும். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. அப்படி எந்த ஊரும் இருக்காது என்று நினைக்கிறேன். இதைச் செய்தவர்கள் அதை யோசித்திருக்கலாம்.

மொத்தத்தில் வாங்கலாம்.

அப்பா, நீங்கள் கேட்டதைப் படித்தேன். யோசிக்கச் சொன்னீர்கள், யோசிக்கிறேன்.

அன்புடன்,
பூனை

---

மார்ச் 15

என் செல்லப் பூனைக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உங்க பொண்ணா எழுதுச்சு? உங்களுக்கு இப்படி ஒரு பொண்ணா?" என்றான். அவன் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பெருமையாகத்தான் இருந்தது. விளையாட்டை வாங்கிவிட்டான். பாலத்தில் எலும்பு ராஜாவைக் காத்திருந்து அடிக்கிறானாம்.

ஊர்களுக்குக் கோபம் வராதது குறை என்கிறாய். எனக்கு அதுதான் நிறை. நிஜத்தில் படுவது போதாதா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். உனக்கு ஜூன் முதல் வாரம் டிக்கெட் போட்டுவிட்டேன். வகுப்பிலும் உன் பெயரைக் கொடுத்தாயிற்று. அறைக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறேன், உனக்குப் பிடித்த நிறம். நீ யோசித்துக்கொண்டே இருப்பாய், அதற்குள் வருஷம் போய்விடும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டையாகும்.

உத்தரவு: நாகங்கள் அனைத்தும் பாசிக்குன்றைத் தாக்கட்டும். என் வரைபடத்தில் அது காலியாகக் கிடக்கிறது. லட்டு மாதிரி ஊர்.

உன் அப்பா

---

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உத்தரவை நிறைவேற்றினேன். பாசிக்குன்று விழுந்தது.

அது என் ஊர், அப்பா. ஆட்டம் தொடங்கிய புதிதில் பிடித்தது. அங்கே மதில் கட்டினேன், மூலிகைத் தோட்டம் வைத்தேன், வில்லாளிகளை அங்கேதான் பழக்கினேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுதியும் இருக்கிறேன். உங்கள் வரைபடத்தில் குண்டூசி குத்த மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கூட்டாளியின் ஊரைத் தாக்குகிறாயே, நிஜமாகவா என்று விளையாட்டு கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. குறைகளில் இதைச் சேர்க்க மறந்துவிட்டேன். வில்லாளிகள் நன்றாகத்தான் சண்டை போட்டார்கள். உங்கள் நாகங்களில் இரண்டு செத்தன. இரண்டு பக்கத்துக்கும் நானே அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் 'கூட்டணி முறிந்தது' என்று ஒரு வரி வந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்ல இன்னொரு பொத்தான் வைக்கவில்லை.

அம்மாவிடம் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் துணி மடித்தார். பிறகு, "போறதுன்னா போ, நான் குறுக்க நிக்கல. போகலைன்னா அதையும் நீதான் எழுதணும். அம்மா விடலைன்னு மட்டும் எழுதிடாத. உங்கப்பாவுக்கு அது வசதியாப் போயிடும்" என்றார்.

எனக்குப் பிடித்த நிறம் நீலம் இல்லை. அது சின்ன வயதில்.

பூனை

---

ஏப்ரல் 24

பூனைக்கு,

கிரேன் மேலே உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். கீழே இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சத்தியமாகத் தெரியாது கண்ணே. வேற்று ஊர் என்று நினைத்துவிட்டேன். உனக்குத் தெரிந்ததுதானே, பிறகு ஏன் அழுத்தினாய்? 'அப்பா, இது என் ஊர்' என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே. ஊர் விழுவதற்கு முன்னால் இருந்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்க முடியுமா பார். முடியாவிட்டால் பாசிக்குன்றைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அறையின் வண்ணத்தை மாற்றிவிடலாம், அது ஒரு நாள் வேலை. நீ வந்து எந்த நிறம் என்று சொல். ஜூன் ஐந்தாம் தேதி வண்டி. கோபத்தில் எதையும் முடிவு செய்யாதே.

அப்பா

---

மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் இல்லை. இருந்தது, ஒரு வாரம். இப்போது தெளிவாகத்தான் எழுதுகிறேன்.

ஏன் அழுத்தினாய் என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே செய்தால் எனக்கு என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன். விளையாட்டில் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி நான் வரவில்லை. அம்மா தடுக்கவில்லை. கடை அக்காவும் எதுவும் சொல்லவில்லை. எனக்கே விருப்பமில்லை. இங்கே பின்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை இருக்கிறது. போன வாரம் ஒரு கண்ணாடியைக் கொடுக்க ஆளில்லாமல் நானே முன்னால் போனேன். அந்த அம்மா மாட்டிக்கொண்டு, தெருவில் எதிர்ச்சாரியில் இருக்கும் பலகையைச் சத்தமாகப் படித்தார். "நீயாம்மா செஞ்ச?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அவ்வளவுதான், ஆனால் சொன்னேன். இதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை.

அங்கே வந்தால் நீங்கள் காலையில் கிரேன் ஏறிவிடுவீர்கள். நான் புது அறையில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருப்பேன். அதை இங்கிருந்தே எழுதலாம்.

நீங்கள் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். வருகிறேன் என்று எழுதிய விடுமுறைகளில் ஏதாவது ஒன்றுக்காவது வாருங்கள். கடையைக் காட்டுகிறேன். இதை எழுதுவதற்கு மூன்று தாளைக் கிழித்தேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

---

மே 30

அன்பு மகளுக்கு,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். வகுப்பிலும் சொல்லிவிட்டேன்.

பதில் எழுத உட்கார்ந்து நானும் நாலைந்து தாளைக் கிழித்தேன். வேடிக்கையாக எழுதினால் பொய்யாக இருக்கிறது, அழுது எழுதினால் அதைவிடப் பொய்யாக இருக்கிறது. கடைசியில் பக்கத்து கிரேன்காரனிடம், "பொண்ணு வரலைன்னு எழுதிட்டா" என்றேன். "நீங்க போனீங்களாண்ணே?" என்று கேட்டான். அவனுடன் இரண்டு நாள் பேசவில்லை.

விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரலாமா, வெளியே அறை எடுத்துத் தங்கவா என்று கேட்டு. அவள் என்ன சொன்னாலும் சரி. அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடமிருந்தே தெரிந்துகொள்கிறேன்.

தேதி இப்போது எழுதவில்லை. கையில் விடுமுறைச் சீட்டு வரட்டும். அதுவரை வருகிறேன் என்ற வார்த்தையை எழுதுவதாக இல்லை.

அப்பா