மிதவைகளுக்கு உள்ளே

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். வளைகுடாவை மறுபடி மீன்பிடிக்குத் திறக்கச் சொல்லும் மனுவில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். படகு நம் இருவர் பெயரிலும்தான் இருக்கிறது. அதற்காக என் வாயையும் நீ எடுத்துக்கொள்ள முடியாது. நீ செய்தது அநியாயம்.

சங்கச் செயலாளர் ஐஸ் கொட்டகை வாசலில் நின்று மனுவை உரக்க வாசித்தார். நம் படகின் பெயர்தான் முதலில். "ரொம்பப் பழைய படகுக்காரங்களே கேக்குறாங்க, இனிமே வளைகுடாக் குழு மறுக்குமா?" என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்துவிடுவார்களாம். தராசைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்து, "அதுல பாதி என்னுது, அழிங்க" என்றேன். "தம்பி போட்டத அக்கா அழிக்க முடியாதும்மா, அவரே எழுதித் தரட்டும்" என்று எனக்குச் சட்டம் சொன்னார்.

மீன் பெருகட்டும் என்று வளைகுடாவை மூடியபோது நீ பட்டதை நான் மறக்கவில்லை. படகு கரையேறிக் கிடந்தது. "கடலுக்கே பூட்டுப் போட்ட ஊர்ல இனி கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் பட்டறைக்குப் போனாய். பிடிவாதத்தில் நீ என் தம்பிதான். ஆனால் நீ விட்டுப்போன கடலை நினைத்துக்கொண்டு மனுப் போட்டிருக்கிறாய். இப்போது இருக்கும் கடலை நான் சொல்கிறேன், கேள்.

விடிந்தால் எல்லாப் படகுகளும் மூடிய பகுதியின் எல்லை மிதவைகளுக்கு வெளியே, பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே பெருகிய மீன் இடம் போதாமல் வெளியே வருகிறது. வலை கனக்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட மகராசர்கள்தான் வரிசையில் முன்னால்! "வாசல்லயே இவ்வளவு கிடைக்குதே, உள்ள போனா?" என்று ஒருவன் ஆசைப்பட்டான். ஐஸ்காரர் விடவில்லை: "பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள வலையோட போற முதல் ஆளு நீதான்டா." கொட்டகையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

போன புயலில் நம் வலை ஒன்று அறுந்து உள்ளே போய்விட்டது. அதை எடுக்கக் காவல் படகில் நானும் ஏறினேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல?" என்றான் காவல்காரன். "வலை உன்னுதா, என்னுதா?" என்றேன். எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போட்டார்கள். குனிந்து பார்த்தேன். அடியில் கடல்புல் காற்றில் தலைமுடி போல அசைந்தது. அதற்குள் பொடிமீன்கள் மினுங்கின. பாறை இடுக்கிலிருந்து ஒரு களவா மீன் வந்தது, கதவளவு அகலம். அப்பா காலத்துக் கதைகளில் மட்டுமே கேட்ட அளவு. எங்களைப் பார்த்து அது ஓடவில்லை, தம்பி. ஒரு மீன் மனிதனுக்குப் பயப்படாமல் நின்றதை இந்த வயதில்தான் பார்த்தேன். வலையை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அதே புயலில் பக்கத்துக் கரையில் சாலையே போய்விட்டது. நம் தெருவுக்கு அலை வந்தது, ஆனால் களைத்துப்போய் வந்தது. வாசற்படியை நனைத்துவிட்டுத் திரும்பியது. பாறையும் புல்லும் அடியை வாங்கிக்கொண்டன. அந்தப் புல் உலகத்தைச் சூடாக்கும் கரியமில வாயுவை இழுத்து மண்ணுக்குள் பூட்டி வைக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்படியானால் நாம் பார்த்தேயிராத ஊர்களுக்கும் அது சேர்த்து உழைக்கிறது. கூலி கேட்காத இப்படிப்பட்ட வேலைக்காரனையா விரட்டச் சொல்கிறாய்?

இனி நடக்க வேண்டியது இதுதான்.

நீ, கூட்டத்துக்கு முன்னால், படகின் பெயரையும் என் பெயரையும் எடுக்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுத வேண்டும். உன் பெயர் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் வந்து கண்ணால் பார்த்த பிறகு சொல்.

செயலாளர், வாசித்த அதே வாசலில் நின்று, அதே குரலில், நீக்கியதையும் வாசிக்க வேண்டும்.

உன் மனைவி, நீ இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.

என் மகன், உன்னை மிதவை வரை படகில் கூட்டிப்போக வேண்டும். மாமாவோடு வாதாடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான், மேல் அறையைத் திறந்து காற்றாட விட்டு, மெத்தையை வெயிலில் போட வேண்டும். அதை நேற்றே செய்துவிட்டேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் அக்கா