கக்கூஸ் செருப்பு

அன்புள்ள மனைவி பெரியம்மாளுக்கு,

ஜப்பானிலிருந்து பச்சமுத்து, நீ கற்றுத்தந்த எழுத்தில் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். முடிக்க மூன்று நாள் ஆகும் போல! நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் உன் தம்பி சுப்புராயனுக்குக் கேட்கும்.

விருத்தாசலம் பீங்கான் சூளையில் முப்பது வருஷம் என்னைக் கைநாட்டு என்று சிரித்தவன் அல்லவா? கேள்.

இங்கே கக்கூஸுக்குள் போடத் தனிச் செருப்பு உண்டு. வெளியே வரும்போது அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். எழுத்துத் தெரியாமல் அடுத்தவர் செய்வதைப் பார்த்தே பிழைத்தவன் நான். முதல் நாளே கண்டுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பீங்கான் சூளை முதலாளி வீட்டில் விருந்து. சுப்புராயன் கக்கூஸ் செருப்போடு சாப்பாட்டு அறைக்கு நடந்து வந்தான். நான் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. அவன் பாயில் கால் வைத்ததும் முதலாளியம்மா வீலென்று கத்திவிட்டார். பிள்ளைகள் உருண்டு சிரித்தன.

"ஏன் மாமா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கைநாட்டுக்கு என்னா மச்சான் தெரியும்?"

அவன் பெண்டாட்டி கனகாவுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு.

சுண்டைவற்றலும் ஒரு துண்டும் அனுப்பு. நாலு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. தமிழ் பேச இங்கே வேறு ஆள் இல்லை. நீயே போன் போட்டு அவனைப் பேசச் சொல். இந்த வரிகளைக் கனகாவுக்கு வாசிக்காதே.

மண் லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

பச்சமுத்து