வெனிலா கேட்டவர்கள்

பாய், ஆவடியில் நம் சமையல் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு இனி வேலை இல்லையாம். சாமான்களை ஒழிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இன்று காலை அலமாரியின் மேல்தட்டில் உன் தகர டப்பா கிடைத்தது. உள்ளே ஒன்றுமில்லை. நீ போன பிறகு அதில் யாரும் எதையும் போட்டதில்லை. ஆனாலும் திறந்ததும் வெனிலா வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கூட நின்ற ஆளிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "துரு நாத்தந்தான் வருது" என்றான். அதை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாய் என்று கேட்டுத் தொலைக்காதே.

நீ பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வரும் சமையல்காரன். நான் அயனம்பாக்கத்து நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாளி சுற்ற வந்தவன். மரவாளியில் ஐஸையும் கல்லுப்பையும் கொட்டி, நடுவில் பால் டப்பாவை இறக்கி, அது கெட்டியாகும் வரை கைப்பிடியைச் சுற்றவேண்டும். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். நீயோ பாலில் வெனிலாவைப் போட்டதோடு சரி, அப்புறம் நின்று கதை அளப்பாய்.

"இது கொடியில காய்க்குது அண்ணாத்தே. கடலுக்கு அந்தாண்ட ஊரு. பூ காத்தால பூக்கும், மத்தியானம் வாடிடும். அந்த ஊரு வண்டு தொட்டாத்தான் காய்க்குமாம். வேற சீமைக்குக் கொண்டும்போயி நட்டானுங்க, கொடி வளந்துச்சே தவிர காய்க்கவேயில்ல. அப்பறம் எவனோ ஒருத்தன் குச்சியால பூவைத் தொட்டு உட்டான், காச்சிது. இன்னிக்கும் ஒவ்வொரு பூவையும் மனுசன் கையாலதான் தொடணும்."

சுருங்கிக் கறுத்த ஒரு காயை என் மூக்கில் தேய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "பச்சையா இருக்கச்சே இதுக்கு வாசமே கெடையாது. வெந்நீர்ல முக்கிக் கொல்லணும். செத்து, வேர்த்து, கறுத்தப்பறந்தான் வாசம் வரும்."

கப்பலில் வேலை பார்த்த உன் மாமு சொன்னதாம். பாதிக்குமேல் புளுகு என்று நினைத்தேன். பிறகு ஆஸ்பத்திரி டாக்டரே அப்படித்தான் என்றார். ஒரு காலத்தில் ராஜாக்களும் சீமான்களும் மட்டுமே தின்ற பண்டம் இது, இப்போது சிப்பாய்க்கும் கிடைக்கிறது என்று சிரித்தார்.

சண்டையால் காய் வரத்து நின்றபோது, மரக்கூழிலிருந்து எடுத்த வெனிலா என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். நீ அதைத் தொடவில்லை. கடைசிக் காயை இந்தத் தகர டப்பாவில் சர்க்கரைக்குள் புதைத்தாய். எடுத்த அளவுக்குப் புதுச் சர்க்கரையைப் போட்டு வந்தாய். மாதக்கணக்கில் ஆகியும் வாசனை குறையவில்லை. ஒருநாள் துழாவிப் பார்த்தபோது உள்ளே காயே இல்லை. யார் எடுத்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. வாசனை மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வார்டில் அது ஆரம்பித்தது. பர்மா பக்கம் அடிபட்டு வந்த ஒருவன் வெனிலா கேட்டான். ஆசையாகத் தின்றான். மறுநாள் கட்டில் காலி. அடுத்து ஒருவன், அதற்கடுத்து ஒருவன். சாகப்போகிறவனுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்காது, அதனால்தான் கேட்கிறான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நம் காதில் ஏறினால்தானே. "இவனும் கேட்டுட்டான் அண்ணாத்தே" என்று நீ வந்து நிற்கும்போதெல்லாம் நான் சுற்றுவதை நிறுத்திவிடுவேன்.

பிறகு நீ பூந்தமல்லி வீட்டில் விஷக்காய்ச்சலில் படுத்தாய். பார்க்க வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயெல்லாம் காயிது. நாளிக்கு வர்றப்ப கொஞ்சம் வெனிலா எடுத்துகினு வா" என்றாய்.

எனக்கு உயிரே போய்விட்டது. உனக்குத் தெரியாதா, அதைக் கேட்கக்கூடாது என்று?

மறுநாள் ஐஸ் வந்தது. செய்தேன். டாக்டரிடம் பிளாஸ்க்கைக்கூட இரவல் வாங்கி நிரப்பினேன். வெயில் உச்சியில் இருந்தது. உன் வீட்டுக்குக் கிளம்பி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு, கொடுத்தால் நீ செத்துவிடுவாய் என்று உள்ளே திரும்பிப் போனேன். வார்டில் இரண்டு காலிலும் கட்டுப்போட்டுக் கிடந்த ஒரு சிப்பாய் முதல்நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். பிளாஸ்க்கை அவன் கிண்ணத்தில் கவிழ்த்தேன். சாயங்காலம் உன் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, "இன்னிக்கு ஐஸ் வர்ல பாய்" என்றேன்.

"செரி, வுடு" என்றாய். விடிவதற்குள் போய்விட்டாய்.

அந்தச் சிப்பாய் பிழைத்துக்கொண்டான். ஊன்றுகோலோடு சமையல்கட்டுக்கே வந்து என் கையைக் குலுக்கினான். அந்தக் கையை அப்படியே அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதும் சடங்குக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து உன் வீட்டம்மா பேசினாள்.

"அண்ணே, அன்னிக்கு மத்தியானம் திடீர்னு எழுந்து ஒக்காந்தாரு. 'வாசம் வருது பாரு, அண்ணாத்தே எடுத்துகினு வர்றாரு'ன்னாரு. கொஞ்ச நேரங்கழிச்சி, 'திரும்பிப் பூட்டாரு'ன்னு படுத்துகினாரு. நீங்க வந்து ஐஸ் வர்லன்னு சொன்னது அதுக்கப்பறந்தான்."

ஆவடியில் இருந்த என்னை, பூந்தமல்லியில் படுத்துக்கொண்டு எப்படிப் பார்த்தாய் பாய்? நீ கோபமாக இருந்தாயா என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லண்ணே. 'நான் செத்துப்பூடுவேன்னு பயந்துட்டாரு. நீ ஒண்ணும் கேக்காத'ன்னாரு."

அதற்குப் பிறகு, கொட்டகையை மூடும் வரைக்கும் வார்டில் யார் கேட்டாலும், அந்த மரக்கூழ் பாட்டிலை ஊற்றியாவது, செய்து கொடுத்தேன். சிலர் செத்தார்கள், சிலர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவனிடமும் இல்லை என்று சொன்னதில்லை. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.