ஐஸ் பெட்டி மூடிமேல் ஓடிய கப்பல்கள்

பாய்,

இன்று காலை எனக்கு ஒரு கடல்வழி ஓசியில் கிடைத்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. ஓசியில் எது வந்தாலும் எனக்கு முதலில் உன்மேல்தான் சந்தேகம் வருகிறது. நீ போய் எட்டு மாதம் ஆகியும் இந்த வியாதி தீரவில்லை.

என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். அந்தக் காலத்து ராஜாக்கள், கோட்டைகள், கப்பல்கள். எனக்குச் சண்டை என்றால் பயம் என்பது உனக்குத் தெரியும்; அதனால் போரை அவளிடம் விட்டுவிட்டு, கடல் வாணிபத்தை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட்டால் போதும். கப்பல் தானே போகிறது, தானே மிளகு ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. காற்று என்ற ஒன்றே அதில் கிடையாது. இன்றைக்கு எதிராளி ராஜா, அவனும் கம்ப்யூட்டர்தான், தன்னுடைய நல்ல வழி ஒன்றை எனக்கு விட்டுத் தருவதாகச் செய்தி அனுப்பினான். பதிலுக்கு ஒன்றும் வேண்டாமாம்.

"சரின்னு அழுத்துப்பா" என்றாள் மகள். நான் அழுத்தவில்லை. ஒருவன் சும்மா எதற்குக் கொடுக்கிறான்?

நம்முடைய விளையாட்டு வேறு மாதிரி. பழவேற்காட்டில் உங்கள் வாப்பாவின் இறால் கொட்டகை, அதில் ஓட்டை விழுந்து ஒதுக்கிப்போட்ட ஐஸ் பெட்டியின் மூடி. அதன்மேல் நீ கரித்துண்டால் கடல் வரைந்தாய். நடுவில் பழவேற்காடு. வடக்கே மசூலிப்பட்டினம், தெற்கே நாகப்பட்டினம், அதற்கும் கீழே இலங்கை, கிழக்கே எங்கோ மலாக்கா. உன் முப்பாட்டனார் மலாக்காவுக்குக் கப்பல் விட்டவர் என்று நீ சொன்னாய். பக்கத்திலிருக்கிற சுண்ணாம்புக்குளம் வரைக்கும் தோணி விட்டிருப்பார் என்று நான் சொன்னேன். அதற்கு நீ ரெண்டு நாள் பேசவில்லை.

கப்பலுக்கு மட்டிச் சிப்பி. வழியைப் பிரிப்பதற்கு எங்கள் கோட்டைக்குப்பத்து வழக்கம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் ஆட்கள் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்களே, அந்தப் பாடு. சீட்டில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவன் முதலில் வழியை எடுப்பான். மற்றவனுக்கு மிச்சம். கப்பல் போய்ச் சேர்ந்தால் ஜெயம். இதெல்லாம் எந்த ஊரிலும் யாரும் யோசித்திருப்பார்கள். ஆனால் காற்று வேண்டுமே? அங்கேதான் நாம் பெரிய புத்திசாலிகள் ஆனோம். வெளியே நிஜமாக எந்தக் காற்று அடிக்கிறதோ அதுதான் ஆட்டத்துக்கும் காற்று. கொட்டகை வாசல் கம்பத்தில் உன் கிழிந்த லுங்கியைக் கட்டினோம். காலையில் வழியை எடுத்துச் சிப்பியை வைக்க வேண்டும். மத்தியானம் லுங்கி பறக்கிற திசையைப் பார்த்து யார் கப்பல் போய்ச் சேர்ந்தது, யாருடையது நின்றது என்று முடிவு.

எப்போதும் நீதான் ஜெயித்தாய். மீன்பிடிக்கிறவன் மகன் நான். காற்றைப் பற்றிக் கொட்டகைக்காரன் மகன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான். முதலில் சிப்பியைச் சந்தேகப்பட்டேன். பிறகு சீட்டை. ஒரு நாள் லுங்கியின் ஒரு பக்கத்தை மட்டும் நீ நனைத்து வைத்திருக்கிறாய் என்று கம்பத்தில் ஏறி முகர்ந்து பார்த்தேன். இறால் வாசனைதான் வந்தது. ஐஸ் உடைக்கிறவர்கள் அதை ஆரம்பாக்கம் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்புறம் அந்த வேலை வந்தது. இறால் வாங்க மெட்ராஸிலிருந்து வருகிற கம்பெனி ஆள், ஆபீஸுக்கு ஒரு பையன் வேண்டும், உங்களில் ஒருத்தன் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு பேரும் பத்தாவது பாஸ். ரெண்டு பேருக்கும் ஆசை. ஆனால் எனக்கு அது ஆசை மட்டும் இல்லை. படகு கரையை விட்டு நாலு கோல் தூரம் போனாலே வாந்தி எடுக்கிற ஒரே செம்படவன் நான்தான். என் தம்பி கடலுக்குப் போவான். நான் கரையில் நின்று அவன் கொண்டுவந்ததைச் சாப்பிடுவேன். குப்பத்தில் எனக்குப் பெயரே 'கரைக் கப்பல்'. அந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அதுதான் என் பெயர்.

"சண்ட எதுக்குபா, பாடு போட்டுக்கலாம்" என்றாய்.

ஐப்பசி முதல் வாரம். தென்காற்று போக மனசில்லாமலும், வடக்கேயிருந்து வாடை வர மனசில்லாமலும் இழுத்தடிக்கிற நாட்கள். சீட்டில் உன் பெயர் முதலில் வந்தது. தீர்ந்தது என்று நினைத்தேன். நீ மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு உன் ஆறு சிப்பிகளையும் எடுத்து வடக்கே, மசூலிப்பட்டினம் வழியில் வைத்தாய். எனக்குத் தெற்கு மிச்சமானது. ஏதோ சூது இருக்கிறது என்று மத்தியானம் வரைக்கும் அந்தக் கம்பத்தை விட்டு நான் நகரவில்லை.

மத்தியானம் லுங்கி தெற்குப் பார்த்துப் பறந்தது. வாடை திரும்பிவிட்டது. உன் ஆறு கப்பலும் எதிர்காற்றில் அப்படியே நின்றன. என்னுடையவை இலங்கைக்குப் போயின. நான் மெட்ராஸுக்குப் போனேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு வந்தபோது என் நைனா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் உன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லி, கடைசி வரைக்கும் உன் சூதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்:

"இன்னாடா சூது? தெனம் காலீல என்னாண்ட வந்து, இன்னிக்கி காத்து எப்டி நைனானு கேட்டுகினு போவான். நீதான் ஒரு நாளும் கேட்டதில்ல."

என் வீட்டிலேயே உனக்கு ஒற்றன் இருந்திருக்கிறான். நான் லுங்கியை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கடைசி நாளும் வந்தானா என்று கேட்டேன்.

"வந்தான். மத்தியானத்துக்குள்ள வாடை திரும்பும்னேன். நல்லா தெரியுமா நைனானு ரெண்டு தபா கேட்டான்."

நேராக உன் கொட்டகைக்கு வந்தேன். நீ இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாய். வேண்டுமென்றே தோற்றாயா என்று கேட்டேன். நீ பெரிய இறாலை ஒரு கூடையிலும் சின்னதை ஒரு கூடையிலும் போட்டுக்கொண்டே, அன்றைக்கு நைனா தென்காற்று என்றுதான் சொன்னார், அவருக்குக் காற்று தப்பிவிட்டது என்றாய். என் நைனாவுக்கு ஊரில் எத்தனையோ கெட்ட பெயர் உண்டு. காற்று தப்பிய பெயர் மட்டும் கிடையாது.

அதன்பிறகு நான் வேறு மாதிரிச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. உனக்கு ஊரை விட மனசில்லை, அதனால் மெட்ராஸை என் தலையில் கட்டிவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன். காரணமும் கிடைத்தது. நான் போன ஆறாம் மாதம் உனக்கு நிக்காஹ். பொண்ணு உன் தெருவுக்கு அடுத்த தெரு. ஓஹோ, இதுதானா சங்கதி என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இருபத்தைந்து வருஷம் அந்தக் கதையில் நிம்மதியாகத் தூங்கினேன். நாம் பார்த்துக்கொள்ளும்போதெல்லாம் அதைச் சொல்லி உன்னைச் சீண்டுவேன். நீ மறுத்ததே இல்லை, சிரிப்பாய்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் உன் வீட்டம்மா கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பேசினார்கள். துக்கத்தைக் கொஞ்சம் இளக்கலாம் என்று, உங்களுக்காகத்தானே இவன் மெட்ராஸ் வேலையை விட்டான் என்று நான் கிண்டலாகச் சொன்னேன்.

"எனக்காவவா?" என்றார்கள். "நிக்காஹுக்கு முந்துன வாரம்தான் அண்ணே பேச்சே வந்துச்சு. அதுக்கு முந்தி அவரு மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அந்த வேல போச்சேன்னு ரொம்ப நாளு சொல்லிகினு இருந்தாரு."

பஸ்ஸில் திரும்பும்போது முழு வழியும் யோசித்தேன். அந்த அம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். உன் பெண்சாதி ஆயிற்றே. நைனா மறந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். காற்றே தப்பாக அடித்திருக்கலாம். பொன்னேரி வந்தபோது சந்தேகப்பட எனக்கு ஆளே மிச்சமில்லை. முப்பது வருஷம் உன்னைத் திருடன் என்று பார்த்துப் பழகிய கண்ணை இனி எங்கே திருப்புவது? இதை நீ முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஒரு தடவையாவது மரியாதையாகப் பேசியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லையோ?

காலையில் மகள் பள்ளிக்கூடம் போன பிறகும் அந்த ராஜாவின் செய்தி திரையில் அப்படியே நின்றது. காற்றே இல்லாத அந்த விளையாட்டுக்காக நான் பால்கனிக்குப் போனேன். கொடியில் என் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அது தெற்குப் பார்த்துப் பறக்கிற வரைக்கும் நின்றேன்.

பிறகு உள்ளே வந்து, சரி என்று அழுத்தினேன்.